ஒற்றைக் கம்மலும் உடையாத கம்மாயும்

நம் காலை நடைக் குழுவின் அன்பர்களுக்கு,

முந்தாநாள் டீச்சர் நடைபாதை ஓரத்து வேப்பமரத்தடியில் ஒரு மோதிரத்தைக் கண்டெடுத்து, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். பத்து நிமிடம் ஆகவில்லை. மூன்று பேர் ‘என்னுடையது மாதிரி இருக்கிறதே’ என்று எழுதிவிட்டீர்கள். அந்த மூன்று பேர் மேலும் எனக்குச் சந்தேகம். கோபித்துக்கொள்ள வேண்டாம். பொருளைக் காட்டிவிட்டு யாருடையது என்று கேட்டால், தொலைக்காதவருக்கும் தொலைத்த மாதிரி இருக்கத்தான் செய்யும்.

நான் எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல. சாயங்காலம் டீச்சர், ‘கண்டெடுத்த தங்கம் வீட்டில் இருக்கக் கூடாது, வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஆண்டாள் உண்டியலில் சேர்த்துவிடுகிறேன்’ என்று எழுதினார்கள். அதற்குக் கீழே வரிசையாக எல்லோரும் கும்பிடு போட்டிருக்கிறீர்கள். நான் போடவில்லை. ஏன் போடவில்லை என்று யாரும் கேட்கவில்லை. சந்தேகப் பிராணி, அவள் அப்படித்தான் என்று விட்டுவிட்டீர்கள். போன மாதம் ‘காது ஏன் மூளியாகக் கிடக்கிறது’ என்று கேட்டீர்கள். தோலில் அரிப்பு என்றேன். அது பொய். இரண்டுக்கும் சேர்த்து இன்றைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பத்து வயது. அப்பா பட்டாளத்தில் இருந்தார். எல்லையில் ஏதோ பனிமலை. அவருடைய கடிதத்தில் ஊர்ப்பெயர் இருக்காது. ராஜபாளையத்தில் பஞ்சாலைச் சங்கு கேட்கிற தூரத்தில் ஒரு தெருவுக்கு நாங்கள் வாடகைக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு எல்லார் மேலும் சந்தேகம். பால்காரர் தண்ணீர் கலக்கிறார். தபால்காரர் கடிதத்தை ஆவியில் காட்டிப் பிரித்துப் படிக்கிறார். கொல்லைச் சுவரில் வந்து உட்காரும் காக்காயைக் கூட யாரோ அனுப்பியிருப்பார்களோ என்கிற மாதிரிதான் பார்ப்பாள். சிறுபிள்ளையாக இருந்தபோது எனக்கு அது சிரிப்பாக இருந்தது. புருஷன் ஊரில் இல்லாத பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்று தெரிந்தவள் அவள். ஊர் தன்னைப் பார்ப்பதற்குள் தான் ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். இது எனக்குப் புரிய நாற்பது வயது ஆனது.

எங்களுக்கு மேற்கே, ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு, தெலுங்கு பேசும் குடும்பம் ஒன்று இருந்தது. கல்யாணமாகி ஒரு வருடம் ஆகாத மருமகள். அவளை நான் மேலவீட்டு அக்கா என்பேன். அவளுக்கு ஒரு மாமியார். வீட்டில் எதற்கெல்லாம் சாவி உண்டோ அத்தனையும் அந்த மாமியாரின் இடுப்பில் தொங்கும்; அவர் நடந்தால் மாட்டு வண்டி வருகிற மாதிரி சத்தம் கேட்கும். அக்கா எங்களிடம் தமிழில்தான் பேசுவாள். வீட்டுக்குள் தெலுங்கு. அம்மாவோ ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரி. அவளுக்குத் தெரிந்த தெலுங்கு ‘ரா’, ‘போ’ இரண்டோடு சரி.

அந்த வருடம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மேற்கு மலை நான்கு நாளாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. அய்யனார் கோவில் பக்கம் ஆற்றில் யாரும் இறங்க வேண்டாம் என்று தண்டோரா போட்டுப் போனார்கள். ஊர்க் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. கண்மாயை எங்கள் பக்கம் கம்மா என்போம், உங்களுக்குத் தெரியாதா என்ன. எந்த வீட்டில் பேசினாலும் கம்மாப் பேச்சுதான். கரை தாங்குமா, தாங்காதா?

தெருவோரத்து வாறுகாலில் குப்பை அடைத்து எங்கள் வாசலில் தண்ணீர் ஏறியது. குச்சியை வைத்துக் குத்திவிடச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். பூவரச இலை, வெங்காயத் தோல், சீயக்காய்ச் சக்கை, உருண்டு திரண்ட தலைமயிர். அந்த மயிருக்குள் மினுங்கியது. சின்ன ஏழுகல் கம்மல், ஒற்றை. திருகாணி நிற்காமல் கழன்று விழாதிருக்க, தண்டில் பச்சை நூல் சுற்றியிருந்தது. மழையில் நனைந்தும் நூல் அவிழவில்லை. அவ்வளவு நெருக்கமாக, வரி வரியாகச் சுற்றியிருந்தாள், யாரோ ஒருத்தி.

அம்மா அதைப் பார்த்ததும் முதலில் கதவைச் சாத்தினாள்.

“எவளும் பாத்தாளாட்டி?”

“இல்லம்மா.”

“சத்தம் காட்டாத. இது யாரோடதுன்னு கேட்டோம்னா பத்துப் பேரு என்னோடதுன்னு வந்து நிப்பாளுக. தண்ணி மேலத்தெரு பூராச் சுத்திட்டு வருது. எந்த வீட்டுதுன்னு கண்டோம்?”

அதை அரிசிப் பானைக்குள் போட்டாள். போட்டுவிட்டு அப்பா படத்தைப் பார்த்தாள். கண்டெடுத்த தங்கம் குடியைக் கெடுக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தொலைத்தாலும் கேடு, எடுத்தாலும் கேடு. பனிமலையில் இருக்கிற மனிதருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான் அவள் பயந்தாள். பயந்தவள் மேல வீட்டில் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரே சுவர்தான் குறுக்கே.

மறுநாள் காலை, மழை சற்று விட்டிருந்தது. அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். மேல வீட்டிலிருந்து மாமியாரின் குரல் சுவரைத் தாண்டி வந்து விழுந்தது.

“அய்யோ, கம்ம போயிந்தி! கம்ம போயிந்தி!”

அம்மா தோசைத் திருப்பியைக் கீழே போட்டாள். “கம்மா போச்சாம்ட்டி! ஓடு, ஓடு!”

தகரப் பெட்டி அவள் தலைக்கு எப்படி ஏறியது என்று தெரியாது. ஒரு கையில் நான், இன்னொரு கையில் அரிசிப் பானை. “கம்மா உடைஞ்சிருச்சு, ஓடுங்க, ஓடுங்க” என்று கத்திக்கொண்டு தெருவில் இறங்கினாள். அவள் பின்னால் தெருவே இறங்கியது. முகத்தில் பாதிச் சவரத்தோடு ஒருவர். வேகிற இட்லிக் கொப்பரையைச் சேலைத்தலைப்பால் பிடித்துக்கொண்டு ஒருத்தி. கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஓடிவந்து, பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்பி ஓடிய ஒருத்தி. எல்லோரும் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்குள் போய் நின்றோம். மேலவீட்டு மாமியாரும் சாவிக்கொத்து குலுங்க ஓடிவந்து நின்றார். அவர் பின்னால் அக்கா, முக்காட்டை இழுத்துக் காதை மூடியபடி. மழைக்கு என்று நினைத்தேன்.

தண்ணீர் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கம்மாய்க் காவல்காரர் குடை பிடித்துக்கொண்டு அந்த வழியாக வந்தார்.

“எதுக்கு எல்லாரும் இங்க வந்து நிக்கீக? எவனாவது கட்சிக்காரன் வாரானா?”

கம்மாய் அது பாட்டுக்குக் கிடந்தது. கரையில் ஒரு கீறல் கூட இல்லை. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் மேலவீட்டு மாமியாரைக் காட்டி, “இவுகதான் கத்துனாக, நான் என் காதால கேட்டேன்” என்றாள்.

அந்த அம்மாள் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். “நானா? நான் ஒண்ணும் கத்தலியே.”

கம்ம என்றால் தெலுங்கில் காதுத்தோடு. மருமகளின் தோடு ஒன்று காணவில்லை என்பதைத்தான் அவர் கத்தியிருக்கிறார். அதை ஊருக்குச் சொல்ல மனமில்லை. வீட்டில் தங்கம் காணோம் என்றால் தெருவில் எவள் எடுத்தாளோ, அவள் உஷாராகிவிடுவாள் என்று நினைத்திருப்பார். அல்லது மருமகள் மேலேயே அப்போது சந்தேகம் விழுந்துவிட்டதோ என்னவோ. பள்ளிக்கூடத்தில் தெலுங்கு தெரிந்த ஒருவர் பேச்சுவாக்கில் ‘என்ன போயிற்று’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். கம்மல் அம்மா கையிலிருந்த அரிசிப் பானைக்குள்தான் இருந்தது. தொலைத்தவளுக்கும் எடுத்தவளுக்கும் நடுவே நான்கு முழ இடைவெளி.

அன்று முதல் அம்மாவுக்குத் தெருவில் ‘கம்மா உடைச்ச மதினி’ என்று பெயர். குழாயடியில் குடத்தை வைத்தால் சிரிப்பு. அவளுக்கு அவமானத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

“என் காதுல விழுந்துச்சுட்டி. தெளிவா விழுந்துச்சு. அவுக கத்தலைன்னா பொறவு யாரு கத்துனா? அந்தத் தங்கம் வீட்டுக்குள்ள வந்த மறுநாளே இல்லாததக் கேக்க வச்சிருச்சு. இன்னும் என்னென்ன செய்யப்போகுதோ!”

வெள்ளிக்கிழமை என்னைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. கம்மலைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மழைத் தூறலுக்குள் கோபுரம் கறுத்து நின்றது. கோயிலில் ஈரக் கற்பூர வாசனை, துளசி, நனைந்த சேலைகளின் வாடை. உண்டியல் பெரிய செம்பு அண்டா. வாயில் துணி கட்டி அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். கூட்டம் இடித்தது.

“கண்ண மூடிக் கும்பிடுட்டி” என்றாள் அம்மா.

மூடினேன். திறந்தபோது அவள் கை உண்டியலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. முந்தியில் முடிச்சு அவிழ்ந்து, துணி கசங்கியிருந்தது. வெளியே வந்து எனக்குப் பால்கோவா வாங்கித் தந்தாள். கேட்காமலே வாங்கித் தந்தது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

இரண்டு நாள் கழித்து, மாமியார் இல்லாத நேரம் பார்த்து மேலவீட்டு அக்கா எங்கள் கொல்லைக் கதவைத் தட்டினாள். கண் வீங்கியிருந்தது.

“யக்கா, ஒங்க வீட்டுப் பக்கம் எதுவும் கெடந்துச்சா? என் கம்ம ஒண்ணு போயிந்தி. கம்ம, இதான்” என்று காதைத் தொட்டுக் காட்டினாள். மடல் வெறுமையாக இருந்தது. “தலைக்குக் குளிச்சேன், அப்பப் போயிருக்கும். திருகாணி நிக்கலைன்னு பச்ச நூலு சுத்தியிருந்தேன்.”

அம்மாவின் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். கம்ம. கம்மா. அவளுக்கு அந்த இடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. எனக்கும்.

“நாங்க எதையும் பாக்கலியேம்மா” என்றாள்.

அக்கா குனிந்து என்னிடம் கேட்டாள். “நீ பாத்தியா கண்ணு? வாறுகால்ல ஆடிட்டு இருந்தியே. மாமியாரு எங்கண்ணனுக்குக் கழட்டிக் குடுத்துட்டேன்னு சொல்லுதாங்க. முந்தின நாளு அவன் வந்துட்டுப் போனான், அதான். பாத்திருந்தாச் சொல்லு.”

அம்மா அவள் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல” என்றேன்.

சின்ன வார்த்தைதான். பத்து வயதுப் பிள்ளை, அம்மாவுக்குப் பயந்து சொன்னது என்று நீங்கள் சமாதானம் சொல்வீர்கள். அந்தச் சமாதானத்தை எனக்கு நானே ஐம்பது வருடமாகச் சொல்லிவருகிறேன், ஒட்டவில்லை.

அம்மாவின் தம்பி ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். எதற்கும் ரசீது கேட்கிற மனிதர். கத்தரிக்காய் வாங்கினால் கூடத் துண்டுச்சீட்டு எதிர்பார்ப்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தவரிடம் அம்மா எல்லாவற்றையும் கொட்டினாள். மாமா சாப்பாட்டில் கை வைக்காமல் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“யக்கா, கண்டெடுத்தவ கிட்டத்தட்டக் காவல்காரி மாதிரி. ஓன் பொருளா இருந்தா எப்படிப் பாத்துக்கிடுவியோ அப்படிப் பத்திரமா வைக்கணும். சொந்தக்காரங்களத் தேடணும், இல்லையா ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கணும். தேடாமக் கொள்ளாம நீயா ஒரு முடிவு எடுத்தா அது குத்தம். சட்டம் இதத்தான் சொல்லுது.”

“நான் என்ன எனக்கா வச்சுக்கிட்டேன்? சாமிக்குல்லலே போட்டேன்.”

“ஓன் பொருள நீ போட்டாக் காணிக்கை. அடுத்தவ பொருள எடுத்துப் போட்டா அதுக்குப் பேரு என்ன? சரி, போனது போகட்டும். கோயில் ஆபீஸுல ஒரு மனு எழுதிக் குடுப்போம். உண்டியல் தெறக்கும்போது பச்ச நூலு சுத்துன கம்மல்னு அடையாளம் சொல்லிக் கேப்போம். அந்தப் பிள்ளை பேரு கெட்டுப் போகுதுல்லா?”

“மனு குடுத்தா எம்பேரு வெளிய வரும். எடுத்தவ நாந்தான்னு தெரிஞ்சா உண்டியல்ல போட்டேன்னு எவ நம்புவா? வித்துத் தின்னுட்டு சாமி மேல பழி போடுதான்னுதான் சொல்லுவாளுக. புருஷன் இல்லாத வீடு, ஏற்கெனவே கம்மா உடைச்சவன்னு பேரு. அவிய லீவுல வரும்போது எந்த மூஞ்சியோட நிப்பேன்?”

மாமா தட்டை ஓரமாக நகர்த்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, “யக்கா, எங்கிட்டயாவது உண்மையச் சொல்லு. உண்டியல்லதான் போட்டியா?” என்றார்.

அம்மா சோற்றுச் சட்டியை நங்கென்று வைத்தாள். “சாமிகிட்ட ரசீது கேக்கச் சொல்லுதியாலே?”

மாமா கேட்ட கேள்வி மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. கூடப் பிறந்த தம்பியே கேட்கிறாரே. நான் கண்ணை மூடியிருந்தேன். நூல் சுற்றிய கம்மல் விழுந்தால் சத்தமும் கேட்காது.

அக்காவைக் கார்த்திகையில் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறந்த வீடும் ஸ்ரீவில்லிபுத்தூர்தான். மஞ்சள் பையோடு பஸ்ஸுக்கு நடந்து போனாள். எங்கள் வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பங்குனியில் அவள் புருஷன் போய்க் கூட்டிவந்தார். சாவிக்கொத்து அவள் கைக்கு வரவே இல்லை என்றும், அவள் அண்ணன் அந்த வீட்டு வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்றும் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அடுத்த வருடம் நாங்கள் வேறு தெருவுக்கு மாறிவிட்டோம்.

அப்பா பத்திரமாகத் திரும்பி வந்தார். அதற்கு உண்டியல்தான் காரணம் என்று அம்மா கடைசிவரை நம்பினாள்.

எனக்குப் பதின்மூன்று வயதில் சடங்கு செய்தார்கள். அம்மா ஒரு ஜோடி புதுக்கம்மல் போட்டுவிட்டாள். “ஏதும்மா?” என்று கேட்டேன். “வீட்டுல கெடந்த பழசப் போட்டு மாத்துனேன்” என்றாள். எங்கள் வீட்டில் என்ன பழசு கிடந்தது என்று நான் கேட்கவில்லை. அப்பா வாங்கித் தந்ததாக இருக்கலாம். அம்மாவின் கல்யாணத்து நகையாகவும் இருக்கலாம். கேட்டிருந்தால் ஒரு பதில் கிடைத்திருக்கும், அந்தப் பதில் மேலும் சந்தேகப்பட்டிருப்பேன். அம்மா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அந்தக் கம்மலைக் கழற்றாமல்தான் போட்டிருந்தேன், இரண்டு மாதம் முன்பு வரைக்கும்.

ஒரு பத்திரத்துக்கு நகல் வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். பேரனுக்காகப் பால்கோவாக் கடை வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நரைத்த கொண்டையோடு ஒரு அம்மாள். காது மடலுக்குப் பின்னால் திருகாணியில் நூல் சுற்றியிருந்தது. சிவப்பு நூல். வரி வரியாக, நெருக்கமாக. அந்தக் கையை எனக்குத் தெரியும்.

“மேலவீட்டு அக்கா” என்றேன்.

“எவரு?” என்று திரும்பினாள். யாரென்று சொன்னேன். கம்மா உடைச்ச வீட்டுப் பிள்ளையா என்று கேட்டுச் சிரித்தாள். சிரிப்பு மாறவே இல்லை. எனக்கு அங்கேயே, அத்தனை பேர் மத்தியில், அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். வாறுகால், அரிசிப் பானை, உண்டியல்.

“நீ இல்லன்னு சொன்னப்ப ஓன் கை தன்னால காதுக்குப் போச்சு. எனக்கு அப்பவே தெரியும்மா” என்றாள் அக்கா.

“தெரிஞ்சும் ஏங்க்கா சொல்லல?”

“சொன்னா நம்பவா போறாங்க? திருடி இன்னொருத்தியக் காட்டுதாம்பாங்க.” வரிசையில் ஓரடி முன்னால் நகர்ந்தாள். “எனக்கு அது போனதுகூடப் பெருசில்ல. எங்கண்ணன் போன வருசம் போயிட்டான். கடைசிவரைக்கும் எங்க வீட்டுப் பச்சத்தண்ணி குடிக்கல.”

“அம்மா தப்புப் பண்ணிட்டாக்கா. ஆனா எடுத்துக்கிடல. ஆண்டாள் உண்டியல்லதான் போட்டா.”

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காதைப் பார்த்தாள். இரண்டு காதையும், நிதானமாக. பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

“சரிம்மா. உண்டியல்லன்னே வச்சுக்கிடுவோம்.”

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. உண்மை தன் பக்கம் இருந்தும் ஒருத்தரும் நம்பாமல் நின்றாளே, அந்த இடத்தில் இப்போது நான் நின்றேன். ஒரு வித்தியாசம்: அவளுக்குத் தன் உண்மை தெரியும். எனக்கு என் உண்மை தெரியாது. வீட்டுக்கு வந்ததும் கம்மலைக் கழற்றினேன். அது அம்மா எனக்குக் கொடுத்த பொருளா, நாங்கள் கண்டெடுத்த பொருளா? சின்ன டப்பாவில் இருக்கிறது. அதை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் அம்மாவைத் திருடி என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி. கொடுக்காவிட்டால், அடுத்தவள் பொருளை நான் வைத்திருக்கிற மாதிரி. இரண்டு மாதமாக அந்த டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன்.

ஆகையால், டீச்சர், மோதிரத்தை உண்டியலில் போடாதீர்கள். ஆண்டாளுக்கு அது வேண்டாம். அதைத் தேடிக்கொண்டு ஒரு பெண் எந்த வீட்டில், யாருக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறாளோ. குழுவில் போட்ட படத்தை இப்போதே அழித்துவிடுங்கள். ‘என்னுடையது’ என்ற மூன்று பேரும், உள்பக்கம் என்ன எழுத்து, எந்த விரல் அளவு என்று டீச்சரிடம் தனித்தனியாகச் சொல்லட்டும். ஒருவரும் சரியாகச் சொல்லாவிட்டால் நாளைக் காலை நடை முடிந்ததும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவோம். நானும் கூட வருகிறேன். உங்கள் மேல் சந்தேகம் இல்லை டீச்சர். சரி, கொஞ்சம் இருக்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டு, ரசீது கையில் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நான் நகர மாட்டேன்.